புளியங்கொட்டையில் ஓடிய கார்கள்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் தலைக்கவசம் அணிந்த சாரதி ஒருவரே. எந்த என்ஜினை வாங்குவது, எந்த டயரை எப்போது மாற்றுவது, கையிலுள்ள பணத்தைக் காரின் எந்த உறுப்பிலே செலவிடுவது என்றெல்லாம் அவருக்குப் பின்னால் நின்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டத்தை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தின் கவலைகளையே விளையாட்டாக்கிக் கணினிக்கென விற்கிறார்கள். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மோட்டார்ஸ்போர்ட் மனேஜர்’ அவ்வகையில் ஒன்று. அதை ஆடுபவர் காரை ஓட்டுவதில்லை. ஒரு பந்தயக் குழுவை முகாமை செய்கிறார். வரவு செலவு பார்க்கிறார். சாரதிகளுக்குச் சம்பளம் பேசுகிறார். வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசிக்கிறார். என் மகளின் மூத்த பிள்ளைக்கு அதில் அளவிறந்த மோகம்.

2022-ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கணினி உறங்கிவிட்டது. பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அந்த விளையாட்டின் விதிகளைத் தன் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினான். பந்தயப் பாதையும் நாட்காட்டித் தாளிலேயே வரையப்பட்டது. லூடோப் பெட்டியிலிருந்து பகடைக்காய்கள் வந்தன. அலுமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்த கலியாண அழைப்பிதழ்கள் சீட்டுகளாயின. நாணயத்துக்குப் புளியங்கொட்டை, கொட்டை ஒன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் பெறுமதி. நாட்டிலே பெற்றோல் இல்லாத அந்நாட்களில், எங்கள் வீட்டு விறாந்தையில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் உலகத்தின் அதிவேகக் கார்கள் ஓடத் தொடங்கின.

குழுக்கள் நான்கு. பேரன் ஒன்று, பதினொரு வயதான அவன் தங்கை ஒன்று, பக்கத்து வீட்டுப் பையன் ஒன்று, நான்காவது என் மனைவி. அரசாங்கக் கந்தோர் ஒன்றிலே முப்பத்தைந்து வருடம் கணக்குப் பேரேட்டோடு காலங்கழித்த எனக்கு நடுவர் பதவியும் கணக்கர் பதவியும் ஒருங்கே கிடைத்தன. நடுவருக்கு எதிலும் வாக்குரிமை இல்லை என்பதை முதல் நாளே தாளின் தலைப்பில் எழுதிவைத்தேன். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் வாழ்கிற ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம்.

ஓர் ஆட்டத்தை ஆடுவது வேறு. அதன் விதிகளைத் தராசிலே நிறுத்துவது வேறு. முதலில் நிறுக்கவேண்டி வந்தது டயரை. போட்டி ஒன்றுக்குப் பன்னிரண்டு சுற்று. மென்மையான டயர் முதற் சுற்றில் 4 அடி முன்னேற்றும். பின்னர் 3, 2, 1, 0 எனத் தேய்ந்துபோகும். கடினமான டயர் முதல் நான்கு சுற்றிலும் இரண்டிரண்டு அடியும், அடுத்த இரண்டில் ஒவ்வோர் அடியும் தரும்; அதற்குமேல் அதுவும் சோர்ந்துவிடும். டயர் மாற்றத் தரிப்பிடத்தில் நின்றால் 6 அடி நட்டம் என்று பேரன் எழுதியிருந்தான். இப்போது கணக்குப் பாருங்கள். மென்டயரை நான்கு சுற்றுக்கு ஒருமுறை மாற்றினால் மொத்தம் 30 அடி. தரிப்பு இரண்டுக்கும் 12 கழிய மிச்சம் 18. வன்டயரில் ஆறும் ஆறுமாக ஓடினால் 20. ஒரு தரிப்புக் கழிய 14. இதைக் கண்டுகொள்ள இரண்டு நாள் கூடச் செல்லவில்லை. நால்வரும் மென்டயரையே எடுத்தார்கள். பெட்டியிலிருந்த வன்டயர்ச் சீட்டுகளை எவரும் தொடவில்லை. எல்லோரும் ஒன்றையே தெரிவார்களாயின் அங்கே தெரிவு என்று ஒன்று இருக்கிறதா?

தரிப்பின் நட்டத்தை 10 என்று உயர்த்திப் பார்த்தோம். இரண்டு வழிக்கும் சரியாக 10 அடி மிஞ்சியது. என் கணக்கர் மனத்துக்கு அது பேரின்பமாயிருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் பகடையை உருட்டிவிட்டு, இரட்டை விழுந்தால் மென்டயர், ஒற்றை விழுந்தால் வன்டயர் என்று எடுக்கத் தலைப்பட்டான். அவனைக் குறை சொல்ல இயலாது. இரண்டும் துல்லியமாகச் சமமென்றால் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஈற்றில் 9 அடியிலே நிறுத்தினோம். வெயிலில் மென்டயருக்கு 12, வன்டயருக்கு 11. ஆயின் மழைச்சீட்டு விழுந்துவிட்டால், அதுவரை தரிக்காமல் பொறுத்திருந்த வன்டயர்க்காரர் தமது ஒரே தரிப்பை மழை டயரோடு சேர்த்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொருவரும் முற்றத்துக்கு மேலே வானத்தைப் பார்ப்பதுபோலச் சீட்டுக்கட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்திப் பெறமுடியாது என்பதற்கு நல்ல உதாரணம் மொனாக்கோ. அந்நகரின் வீதிகள் ஒடுங்கியவை. முன்னே போகும் காரை முந்துவது அரிது. பந்தயத்துக்குச் சுவையூட்ட எண்ணி, 2025-ஆம் ஆண்டில் அங்கே ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று தொகுதி டயர்களைப் பாவிக்கவேண்டும் என்று விதித்தார்கள். அதாவது இருமுறை கட்டாயத் தரிப்பு. நடந்தது என்ன? சில குழுக்கள் தம்முடைய இரு கார்களில் ஒன்றை வேண்டுமென்றே ஆமைபோல ஓட்டிப் பின்னால் வந்தவர்களை மறித்தன; அந்த இடைவெளியில் மற்றக் கார் இடத்தை இழக்காமல் டயரை மாற்றிக்கொண்டது. விதி நிறைவேறிற்று. சுவைதான் வந்து சேரவில்லை.

டயர்ப் பிரச்சினை அறிவுக்கு விருந்து. பணப் பிரச்சினையோ வீட்டின் அமைதியையே தொட்டது.

ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 60 கொட்டை. போட்டி ஒன்றில் முதலாவதாக வருபவருக்கு 20, பின்னர் முறையே 12, 8, 4. எட்டுப் போட்டிகள் கொண்டது ஒரு பருவம். முதற் போட்டியில் பேரன் வென்றான். கிடைத்த 20 கொட்டைக்கும் நல்ல என்ஜின் வாங்கினான். நல்ல என்ஜின் இருந்ததால் இரண்டாவதிலும் வென்றான். இரண்டாவது வெற்றி மூன்றாவதை ஈன்றது. தங்கைக்காரி நான்கு கொட்டையை உள்ளங்கையில் வைத்து எண்ணி எண்ணிப் பார்ப்பாள். அதற்கு வாங்கக்கூடியது ஒன்றும் இல்லை. ஐந்தாவது போட்டியன்று அவள் பாயிலிருந்து எழுந்து போய்விட்டாள்.

“அம்மப்பா, நான் இனி விளையாட வரேல்லை. போட்டி தொடங்க முன்னமே அண்ணா வெண்டிட்டார்” என்றாள்.

எட்டு மணிக்கே ஊர் முழுதும் இருண்டு கிடந்த காலம் அது. பிள்ளைகளின் தகப்பன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பெற்றோல் வரிசையில் இரவைக் கழிப்பார். சில நாட்களில் வெறுங்கையோடு விடியற்காலையில் திரும்புவார். தாயாருக்கோ அடுப்படியில் எதை வைத்துச் சமைப்பது என்ற ஏக்கம். அந்தச் சிறுமிக்கு மாலைப்பொழுதில் இருந்த ஒரே ஆறுதல் இந்த விளையாட்டு. அதுவும் போய்விட்டால், இருட்டில் கதவு நிலையில் சாய்ந்தபடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை. ஆகையால் விதிகளைத் திருத்தும் காரியம் அன்றிலிருந்து பேரனின் பொழுதுபோக்காக இல்லாமல், எங்கள் எல்லோருடைய கடமையுமாயிற்று.

முதல் யோசனை பக்கத்து வீட்டுப் பையனுடையது: வென்றவனின் காரில் கல்லைக் கட்டுவது. சிரிக்கவேண்டாம், பிரித்தானியாவில் வீதிக் கார்களின் சாயலில் அமைந்த கார்கள் ஓடும் புகழ்பெற்ற பந்தயத் தொடரில், முன்னணியில் இருப்பவரின் காருக்கு மேலதிகப் பாரம் ஏற்றும் வழக்கம் 2021 வரை இருந்தது. எங்கள் விதிப்படி, வென்றவர் அடுத்த போட்டியில் சுற்றுக்கு ஓர் அடி இழக்கவேண்டும். விளைவு உடனே தெரிந்தது. பேரன் கடைசிச் சுற்றிலே வேகத்தைக் குறைத்து வேண்டுமென்றே இரண்டாவதாக வரலானான். இரண்டாவதுக்குப் பன்னிரண்டு கொட்டை உண்டு, கல் இல்லை. சிறுமி ஒரு போட்டியில் முதலாவதாக வந்தாள். வந்தும் அவள் முகத்தில் ஒளியில்லை. “அண்ணாவின்ரை காரிலை கல்லு இருந்தபடியால்தானே” என்றாள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற வெற்றிக்கும் பெறுகிற வெற்றிக்கும் உள்ள பேதம் நன்றாகவே தெரியும். கல் விதி அன்றிரவே கிழித்தெறியப்பட்டது.

அடுத்தது பேரன் கொண்டுவந்த யோசனை. போர்மியூலா வன் பந்தயத்தில் 2021-ஆம் ஆண்டு முதல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. அவ்வாண்டில் அது 14 கோடியே 50 இலட்சம் டொலர். சாரதிகளின் சம்பளம் முதலிய சில செலவுகள் அதற்குள் அடங்கா. எங்கள் நாணயத்தில் 145 புளியங்கொட்டை என்று அவன் மகிழ்ச்சியோடு அறிவித்தான். பேரேட்டைத் திறந்து கணக்குப் பார்த்தேன். எட்டிலும் வெல்பவருக்குத் தொடக்கப் பணத்தோடு 220 கொட்டை சேரும். எட்டிலும் கடைசியாக வருபவருக்குச் சேர்வது 92. ஆகவே 145 என்ற வரம்பு மேலே இருப்பவரின் தலையில் இடிக்கும். கீழே இருப்பவருக்கு அது எட்டாத கூரை. கூரையைத் தாழ்த்துவதால் நிலம் உயர்ந்துவிடுமா? எனினும் வரம்பை வைத்துக்கொண்டோம். முற்றிலும் பயனற்றது என்று சொல்லமுடியாது. முன்னணிக்காரர் ஓடிமறைவதை அது தடுத்தது.

வரம்பு வந்தவுடன் வரம்பைக் கடக்கும் வழிகளும் வந்தன. பேரன் தன் மிச்சக் கொட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, அவன் பெயரில் ஒரு சிறந்த உறுப்பை வாங்குவித்து, பிறகு அதை “இரவல்” வாங்கினான். இரவலுக்கு விதி இல்லை என்பது அவன் வாதம். எனக்குக் கோபத்தைவிட வியப்பே மிகுந்தது. அவன் பரம்பரை பெரியது. 1978-ஆம் ஆண்டில் பிரபாம் குழுவினர் காரின் பின்னே பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, அது என்ஜினைக் குளிர்விப்பதற்கே என்றார்கள். உண்மையில் அது காரின் அடியிலுள்ள காற்றை உறிஞ்சிக் காரை நிலத்தோடு ஒட்டவைத்தது. சுவீடன் பந்தயத்தில் நிக்கி லௌடா அக்காரில் அனாயாசமாக வென்றார். அந்த ஒரு வெற்றியோடு விசிறிக்கார் ஓய்வுபெற்றது. உச்சவரம்பும் அவ்வாறே. 2021-இன் கணக்குகளை ஆராய்ந்து, வரம்பை மீறிய ரெட் புல் குழுவுக்கு 2022 ஐப்பசியில் 70 இலட்சம் டொலர் தண்டமும் காற்றியக்கப் பரிசோதனையில் பத்து வீதக் குறைப்பும் விதித்தார்கள். எங்கள் வீட்டில் தண்டம் ஐந்து கொட்டை. விதி எழுதுபவர் கூடவே கணக்குப் பார்ப்பவர் ஒருவரையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதில், என் தொழில் காரணமாக, எனக்குச் சற்றுத் திருப்தியும் உண்டாயிற்று.

மூன்றாவது மருந்துதான் பலித்தது. அதையும் போர்மியூலா வன்னிடமிருந்தே எடுத்தோம். காரின் உருவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரிசோதிக்கும் நேரத்தை அவர்கள் எல்லோருக்கும் சமமாக அளப்பதில்லை. 2022-இல் வந்த அளவுகோலின்படி, முதலாம் இடத்திலுள்ள குழுவுக்கு அடிப்படை அளவில் 70 வீதம்; ஒவ்வோர் இடம் கீழிறங்கும்போதும் ஐந்து வீதம் கூடிப் பத்தாம் இடத்துக்கு 115 வீதம். இதன் நுட்பத்தை நோக்குங்கள். வென்றவரின் காரில் எவரும் கல்லைக் கட்டவில்லை. தோற்றவருக்குப் புள்ளியைத் தானமாகவும் வழங்கவில்லை. தோற்றவர் முயன்று பார்ப்பதற்குக் கொஞ்சம் கூடிய அவகாசம், அவ்வளவே. அதை வீணாக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

நாங்கள் அழைப்பிதழ்களில் 36 பரிசோதனைச் சீட்டுகள் எழுதினோம். அவற்றுள் நான்குதான் முதல்தரமானவை. பல வெறும் சீட்டுகள். சில காரைக் கெடுக்கும் சீட்டுகள். போட்டிக்கு முன்னர் முதலிடத்தில் இருப்பவர் மூன்று சீட்டு எடுத்துப் பார்க்கலாம். இரண்டாமவர் நான்கு, மூன்றாமவர் ஐந்து, கடைசியிலிருப்பவர் ஆறு. ஆனால் எவரும் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய விலையையும் கொடுக்கவேண்டும். மூன்று எடுப்பவருக்கு முதல்தரச் சீட்டு ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 30. ஆறு எடுப்பவருக்கு ஏறத்தாழ 53. சீட்டு இரட்டித்தாலும் வாய்ப்பு இரட்டிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பேரன் இந்தக் கணக்கைப் பார்த்த பின்னரே இசைந்தான்.

சிறுமியைத் திரும்பப் பாயிலே கொண்டுவந்து இருத்தியது என் மனைவிதான். “ஆறு சீட்டை எடுத்துப் பார் பிள்ளை, பிடிக்காட்டில் எழும்பிப் போ” என்றாள். முதல் முறை ஆறும் வெறும் சீட்டு. இரண்டாம் முறையும் ஒன்றும் தேறவில்லை. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. மூன்றாம் முறை முதல்தரச் சீட்டொன்று வந்தது. கையிலிருந்த கொட்டை முழுவதையும் அதற்கே கொடுத்தாள். அப்பருவத்தின் ஏழாவது போட்டியில் மற்ற மூவரும் ஐந்தாம் சுற்றுக்குள் தரித்துவிட, இவள் மட்டும் தேய்ந்த வன்டயரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் சுற்றில் மழைச்சீட்டு விழுந்தது. அவள் வென்றபோது பேரன் பேரேட்டைப் பறித்து வரிவரியாகச் சோதித்தான். ஒரு கொட்டையும் பிசகவில்லை. அன்றிரவு தகப்பன் பெற்றோல் இல்லாமல் திரும்பியபோதும், ஒழுங்கை முகப்பிலேயே அவருக்குச் செய்தி சொல்லியாயிற்று.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் எரிபொருளுக்குப் பங்கீட்டு முறை வந்தது. வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. “அப்பாவுக்கு நாலு, கார்க்காரருக்கு இருபதோ? இந்த விதியை ஆர் எழுதினது?” என்று சிறுமி கேட்டாள். கார் கூடுதலாகக் குடிக்கும் என்று விளக்கினேன். அவள் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

புள்ளி விவகாரம் வேறொரு வகையானது. உலகப் பட்டப்போட்டி தொடங்கிய 1950-இல் முதலாவதுக்கு 8 புள்ளியும் இரண்டாவதுக்கு 6-ம் கொடுத்தார்கள். பின்னாளில் 10, 6 என்றாயிற்று. 2002-இல் மைக்கல் ஷூமாக்கர் ஆறு பந்தயங்கள் மீதமிருக்கையிலேயே பட்டத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். இது சுவையில்லை என்று 2003-இல் இரண்டாவதின் புள்ளியை 8 ஆக்கினார்கள். உடனே மறுபக்கம் சாய்ந்தது தராசு. அவ்வருடம் ஆறு வெற்றி பெற்ற ஷூமாக்கருக்கு 93. ஒரேயொரு வெற்றி பெற்ற கிமி ரைக்கோனனுக்கு 91! 2010-இல் 25, 18 என்று மாற்றினார்கள். நூற்றுக்கு அறுபதிலிருந்து எண்பதுக்குப் போய், எழுபத்திரண்டில் வந்து நின்றார்கள்.

எங்கள் வீட்டு ரைக்கோனன் என் மனைவி. வன்டயர், மலிவு என்ஜின், அவசரமில்லை. ஒரு பருவத்தில் அவள் ஒரு போட்டியும் வெல்லவில்லை. ஆறு முறை இரண்டாவது, இரண்டு முறை மூன்றாவது. பேரனோ ஐந்து முறை வென்று மூன்று முறை என்ஜினை எரித்தான். 10, 8, 6 என்ற கணக்கில் அம்மம்மாவுக்கு 60, பேரனுக்கு 50. பட்டம் அவளுக்கே. வெல்லாமலே முடிசூடிய இந்த அநியாயத்தைப் பேரன் பல நாள் பேசினான். அதே முடிவுகளை 10, 6, 4 என்று போட்டுப் பார்த்தால் அவளுக்கு 44. 10, 7, 4 என்றால் இருவருக்கும் சரியாக 50. அப்போது வெற்றிகள் கூடியவருக்கே பட்டம், உலகப் போட்டியிலும் அதுவே வழக்கம். இந்தக் கடைசிக் கணக்கையே வைத்துக்கொண்டோம். மனைவி மட்டும், “குடும்பம் நடத்துறவைக்கு இரண்டாவதே போதும்” என்று சொல்லிப் பழைய முறையை இன்றும் ஆதரிக்கிறாள்.

மின்சாரம் வந்த பிறகும் பாய் விரிப்பது நிற்கவில்லை. பேரன் படித்த கணினி விளையாட்டிலே, குழுத்தலைவர்கள் கூடி விதிமாற்றங்களுக்கு வாக்களிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டோம். சென்ற வருடக் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில், பரிசோதனைச் சீட்டு விதியை நீக்கி எல்லோருக்கும் நான்கு சீட்டே கொடுக்கவேண்டும் என்ற பிரேரணை வந்தது. பிரேரித்தவள் பேத்தி. இப்போது அவள்தான் பட்டியலில் முதலிடம். பக்கத்து வீட்டுப் பையன் அவளை ஆதரித்தான், அவன் இரண்டாமிடம். கடைசியிலிருந்த பேரன், ஆறு சீட்டு விதியின் அருமை பெருமைகளைப் பத்து நிமிடம் எடுத்துரைத்து எதிர்த்து வாக்களித்தான். அம்மம்மா அவன் பக்கம். இரண்டுக்கு இரண்டு. நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பழைய நாட்காட்டித் தாளை எடுத்து, அதன் தலைப்பில் எழுதியிருந்த முதல் விதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.